இரகசியம் யாருடையது?

கல்லூரியாயினும் பள்ளியாயினும் நம்மிடையே பூட்டுக்குப் பஞ்சமில்லை. அலமாரிக்கு ஒரு பூட்டு; அலுவலகத்திற்கு ஒரு பூட்டு; கணினிக்குள் நுழைய ஒரு கடவுச்சொல். எதனைப் பூட்ட வேண்டும், யாருக்காகப் பூட்ட வேண்டும் என்னும் வினாவுக்குத்தான் பஞ்சம். அவ்வினாவை எழுப்பினால், ‘அது கணினிப் பிரிவினர் வேலை’ என்று கையை விரித்துவிடுகின்றோம். அது கணினிப் பிரிவினர் வேலையன்று, ஆசிரியர் வேலை என்று வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பாலர் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தனியார் கல்லூரி ஒன்று, தன் தகவல் காப்புக் கொள்கையை வகுக்கக் குழு ஒன்றினை அமைத்தது. வெளியுறுப்பினருள் ஒருவனாக என்னையும் அழைத்திருந்தனர். முதற் கூட்டத்திலேயே அச்சிட்ட வரைவு ஒன்றை எங்கள் முன் வைத்தனர். கல்லூரியிலுள்ள ஆவணங்களும் தரவுகளும் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. உச்சியில் இருந்தது ‘மிக இரகசியம்’. நிருவாக மன்றக் கூட்டக் குறிப்புகள், குத்தகைக்கான விலைப்புள்ளிகள், கல்லூரியின்மீது எழுந்த முறையீடுகள் ஆகியவை அவ்வகுப்பில் இடம்பெற்றிருந்தன. தேர்வுத் தாள்கள் அதற்கடுத்த வகுப்பில். மாணவரின் குடும்ப வருமானப் படிவம், மருத்துவச் சான்று, ஆலோசக ஆசிரியரின் குறிப்பு ஆகிய மூன்றும் எங்கே என்று தேடினேன். கீழிருந்து இரண்டாம் வகுப்பில், ‘உள்ளகப் பயன்பாடு’ என்னும் தலைப்பின்கீழ், சிற்றுண்டிச்சாலைப் பொருட்பட்டியலுக்கு அடுத்தபடியாக அவை இருந்தன!

வரைவை எழுதியவர்கள் தீயவர்கள் அல்லர். உழைத்து எழுதியிருந்தார்கள். ஒவ்வோர் ஆவணத்தையும் கையிலெடுத்து, ‘இது வெளியானால் கல்லூரிக்கு என்ன நேரும்?’ என்று தவறாமல் கேட்டிருந்தார்கள். ‘இதில் யாருடைய பெயர் இருக்கின்றதோ அவருக்கு என்ன நேரும்?’ என்று மட்டும் ஓரிடத்திலும் கேட்கவில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகின்றது.

அரசின் அளவுகோல்

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தை அனைவரும் அறிவர். அரசாங்க ஆவணங்களுக்கு நான்கு படிநிலைகள் உண்டு: ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட். பெருமிரகசியம், இரகசியம், மறைபொருள், வரையறைக்குட்பட்டது என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். முதலிரண்டும் நாட்டின் பாதுகாப்பையும் நலனையும் நோக்கியவை. மூன்றாம் படியான சூலிட்டின் விளக்கத்தில் தனிமனிதருக்கு நேரும் தீங்கும் இடம்பெற்றுள்ளது. நிருவாகத்திற்கு நேரும் தலைகுனிவும் இடம்பெற்றுள்ளது. நான்காவது, மற்ற மூன்றிலும் அடங்காத, ஆயினும் ஓரளவு காப்பு வேண்டுகின்ற ஆவணங்களுக்கு உரியது.

ஒரு நாட்டுக்கு இத்தகைய அளவுகோல் தேவை. படைகளின் நகர்வும் அயல்நாட்டு உறவும் அதற்கு உண்டு. கல்லூரிக்கு என்ன படை இருக்கின்றது? கல்லூரியிடம் இருப்பவர்கள் மாணவர்கள். அவர்களைப் பற்றிய குறிப்புகளே அதன் கருவூலம். அரசின் ஏணியைத் தூக்கிவந்து கல்லூரிச் சுவரில் சாத்தினால் என்ன ஆகும்? நாட்டின் இடத்தில் நிருவாகம் ஏறி அமர்ந்துகொள்ளும். நிருவாகத்தின் தலைகுனிவு ‘மிக இரகசியம்’ ஆகிவிடும். மாணவரின் தலைகுனிவு ‘உள்ளகப் பயன்பாடு’ ஆகிவிடும். நான் கண்ட வரைவில் நேர்ந்தது அதுவேயாகும்.

சட்டத்தின் எல்லை

குழுவில் ஒருவர், ‘சட்டம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வோம், வம்பு இல்லை’ என்றார். சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம்.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தனியார் கல்லூரிகள் அதற்குக் கட்டுப்பட்டவை. மத்திய அரசாங்கத்திற்கும் மாநில அரசாங்கங்களுக்கும் அச்சட்டம் பொருந்தாது. அச்சட்டம் சில தரவுகளை நுண்ணுணர்வுத் தரவு எனத் தனியே பிரிக்கின்றது. உடல்நலம், மனநலம், அரசியற் கருத்து, சமய நம்பிக்கை, ஒருவர் புரிந்த குற்றம் அல்லது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் ஆகியவை அவை. 2024-ஆம் ஆண்டின் திருத்தம் கைரேகை போன்ற உடலடையாளத் தரவையும் அவற்றோடு சேர்த்தது. அமைச்சர் ஆணையின்வழி வேறு தரவுகளையும் சேர்க்கலாம்.

நல்ல பட்டியல்தான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை ஒருகணம் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். வறுமை அப்பட்டியலில் இல்லை. பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாமை அப்பட்டியலில் இல்லை. பிள்ளை தத்தெடுக்கப்பட்டவள் என்பது அப்பட்டியலில் இல்லை. தந்தை சிறையில் இருக்கின்றார் என்பது தந்தையைப் பற்றிய குற்றக் குறிப்பாகலாம். அதனைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளையை அச்சொற்கள் நேராகத் தொடவில்லை. நம் பிள்ளைகளை எவையெவை வகுப்பில் தலைகுனியச் செய்கின்றனவோ, அவற்றுட் பல சட்டத்தின் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. ஆதலின் சட்டத்தின் பட்டியலை நம் கடமையின் தொடக்கமாகக் கொள்ளலாம்; அதுவே முடிவு எனக் கொள்வது பேதைமை.

என் கையால் நேர்ந்த பிழை

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் நான் தலைமையேற்றிருந்த பள்ளியில் ஏழை மாணவர் உதவித்தொகை வந்து சேர்ந்தது. பெற்றோர் வந்து கையொப்பமிட வேண்டும். காலம் குறைவு. பட்டியலைப் படமெடுத்துப் பெற்றோரின் புலனக் குழுவில் போட்டுவிடுமாறு அலுவலகத்தில் சொன்னேன். பெயர், வகுப்பு, அடையாள அட்டை எண், குடும்ப வருமானம் அனைத்தும் அதில் இருந்தன. ஒரே நாளில் பெற்றோர் அனைவரும் வந்து கையொப்பமிட்டனர். வேலை விரைவில் முடிந்ததென்று நான் மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. வகுப்பில் யாரோ அவள் தந்தையின் சம்பளத்தைச் சொல்லிக் கேலி செய்திருக்கின்றார்கள். வீட்டுக்குச் சென்றேன். அவள் தந்தை என்னை அமரச் செய்து, தேநீரும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “உதவி கேட்டது உண்மைதான் சார். ஊருக்கே சொல்லுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்.”

பிள்ளை சில நாள்களில் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அடுத்த ஆண்டு அந்தத் தந்தை விண்ணப்பம் செய்யவில்லை. அவளுக்கும் செய்யவில்லை, அவள் தம்பிக்கும் செய்யவில்லை. நான் நேரில் சென்று கேட்டும் ‘வேண்டாம் சார்’ என்ற ஒரே சொல்தான். உரியவனுக்குச் சேர வேண்டிய உதவி என் அவசரத்தால் சேராமற் போயிற்று.

இப்பொழுது சொல்லுங்கள். அரசின் ஏணியில் அப்பட்டியலுக்குப் பெரும்பாலும் ஒரு படியும் கிடைத்திராது. சட்டத்தின் நுண்ணுணர்வுப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அக்கல்லூரியின் வரைவுப்படி அது ‘உள்ளகப் பயன்பாடு’. மூன்று அளவுகோல்களும் ‘பெரிதொன்றுமில்லை’ என்று சொல்லும் ஒரு தாள், ஒரு குடும்பத்தை உதவியின் வாயிலிலிருந்து விரட்டிவிட்டது. அளவுகோல்தான் பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எண்ணிக்கை அளவுகோலன்று

‘எத்தனை பேருடைய தரவு என்பதைக் கொண்டு வகுப்பை முடிவு செய்யலாம்’ என்றும் ஒரு கருத்து எழுந்தது. அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் இக்கருத்தின் வலுவின்மை விளங்கும். 2018-ஆம் ஆண்டு சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினியிலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி முதலியன களவாடப்பட்டன; அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்து விவரங்களும் சென்றன. 2019 சனவரியில் வேறொரு செய்தி வெளிவந்தது. எச்.ஐ.வி. தொற்றுடைய 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசியவிடப்பட்டன. எண்ணிக்கையிற் பார்த்தால் இரண்டாவது முதலாவதின் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் முகவரி வெளியானவரின் நிலையும், அந்நோய் தமக்கு உண்டென்று ஊரறிந்தவரின் நிலையும் ஒன்றாகுமா? ஒரே ஒரு மாணவியின் ஆலோசனைக் குறிப்பு, ஆயிரம் மாணவரின் பெயர்ப்பட்டியலைவிடக் கூடுதலான காப்புக்கு உரியது.

மூன்று வகுப்புகள் போதும்

எனவே நான் குழுவின்முன் வைத்த கருத்து இதுதான்: ஆறு வகுப்புகள் வேண்டா, மூன்று போதும். பொது, அலுவல், அடைக்கலம் என்பன அவை.

எவரும் காணத்தக்கவை ‘பொது’. பாடத்திட்டம், கட்டண விவரம், கல்லூரி நாட்காட்டி போன்றவை இதில் அடங்கும். கல்லூரியின் பணி நடப்பதற்காக வைத்திருப்பவை ‘அலுவல்’. கால அட்டவணை வரைவு, பொருள் வாங்கிய கணக்கு, கூட்டக் குறிப்பு, விலைப்புள்ளி ஆகியவை இங்கே சேரும். தேர்வுக்கு முந்திய வினாத்தாளும் இவ்வகுப்பிலேயே தனிப்பூட்டுடன் இருக்கலாம். தேர்வு முடிந்ததும் அது பொதுவாகிவிடும். ஒரு மனிதர் நம்மை நம்பித் தந்தவையும், அவரைப் பற்றி நாம் எழுதி வைத்தவையும் ‘அடைக்கலம்’. வருமானம், உடல்நலம், குடியுரிமை நிலை, குடும்பச் சூழல், ஒழுங்கு நடவடிக்கை, மதிப்பெண் அனைத்தும் இவ்வகுப்பினவே.

அடைக்கலம் என்னும் சொல்லை நான் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையென்றே ஒரு காதை உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கின்றார். பின்னர், தான் ஏற்ற அடைக்கலத்தை இழந்தோமே என்று வருந்தி மாதரி தீப்புகுந்தாள் என்று அக்காப்பியம் கூறுகின்றது. ஒப்படைக்கப்பட்டது தனக்குரிய பொருளன்று. அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவள் தான் என்று அந்த ஆயர்குலப் பெண் அறிந்திருந்தாள். ‘இரகசியம்’ என்று எழுதினால் அது நம்முடைய இரகசியம் என்று எண்ணத் தோன்றும். ‘அடைக்கலம்’ என்று எழுதினால் அது பிறருடையது என்பது கோப்பைத் தொடும்போதே நினைவுக்கு வரும்.

‘வகுப்புகள் மிகுந்தால் காப்பும் நுட்பமாகுமே’ என்று கேட்கலாம். ஆகாது. ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது மூன்றாம் வகுப்பா நான்காம் வகுப்பா என்று ஓர் அலுவலர் தடுமாறினால், அவர் இரண்டிலொன்று செய்வார்: எல்லாவற்றுக்கும் உச்ச முத்திரை குத்துவார், அல்லது எதற்கும் குத்தாமல் விட்டுவிடுவார். முன்னதால் முத்திரை மதிப்பிழக்கும். பின்னதால் காப்பே இல்லாமற் போகும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வகுத்த நெறிமுறையில் மூன்றே வகுப்புகள் இருந்தன. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கு மூன்று போதுமாயின், சில நூறு மாணவர் பயிலும் நமக்கு ஆறு எதற்கு?

‘முறையீடுகளையும் கூட்டக் குறிப்புகளையும் கீழிறக்கினால் கல்லூரியின் பெயர் கெடாதா?’ என்றும் கேட்டார்கள். முறையிட்டவரின் பெயர் அடைக்கலம். அதனை உயிர்போல் காக்க வேண்டும். முறையீட்டின் பொருளையோ திருத்த வேண்டும், புதைத்தல் தகாது. பிழையை மறைக்கப் பயன்படும் இரகசியம், தகவல் காப்பு என்னும் நற்பெயருக்கே இழுக்காகும்.

பூட்டுவது மட்டும் காப்பன்று

காப்பு என்றவுடன் மறைத்தல் என்று மட்டும் பொருள் கொள்கின்றோம். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு கூட்டரசு முகமைகளின் தகவலை வகைப்படுத்த வெளியிட்ட நியமம் மூன்று நோக்கங்களைத் தனித்தனியே எடைபோடச் சொல்கின்றது: மறைகாப்பு, செம்மை, வேண்டும்போது கிடைத்தல். இவற்றுள் ஒன்று கெட்டால் விளையும் தீங்கு குறைவா, நடுத்தரமா, மிகுதியா என்று கணிக்க வேண்டும். நிறுவனத்துக்கு நேரும் தீங்கோடு தனிமனிதருக்கு நேரும் தீங்கும் அக்கணிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது.

மதிப்பெண் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். அது கசிவதைவிட, ஒருவன் கைவைத்து 38-ஐ 83 ஆக்குவது கொடிது. அங்கே செம்மை தலையாயது. நிலக்கடலை ஒவ்வாமையுள்ள பிள்ளையின் மருத்துவக் குறிப்பை எண்ணிப் பாருங்கள். அடைக்கலம் என்று சொல்லித் தலைமையாசிரியரின் இரும்புப் பெட்டிக்குள் அதனைப் பூட்டிவிட்டால், பிறந்தநாள் பலகாரம் பகிரும் வகுப்பாசிரியருக்கு அது தெரியாது. பிள்ளையின் உயிருக்கே கேடு வரும். அக்குறிப்பை ஊரறியக் கூடாது. வகுப்பாசிரியரும் சிற்றுண்டிச்சாலை நடத்துநரும் அறிந்தே ஆக வேண்டும். ஆகவே ஒவ்வோர் அடைக்கலப் பொருளுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதப்பட வேண்டும்: இதனை அறிய வேண்டியவர் யார்? அவ்வரி இல்லாத வகைப்பாடு வெறும் முத்திரை.

பெயரை நீக்கினால் போதுமா?

பயிற்சி ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு சொல். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்கு வருகின்றீர்கள், செயலாய்வு எழுதுகின்றீர்கள். பின்தங்கிய மாணவரின் மதிப்பெண், எழுத்துப் பிழை, குடும்பப் பின்னணி, சிலவேளை நிழற்படமும் அவ்வேட்டில் ஏறுகின்றன. ஏடு கட்டப்பட்டு நூலகத்தில் அமர்கின்றது. ‘பெயரை எழுதவில்லையே ஐயா’ என்கின்றீர்கள்.

தமிழ் பயின்றவர்கள் இதனை எளிதில் உணரலாம். அகத்திணைப் பாடலில் ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. நெடுநல்வாடை அகப்பாடல் போலவே நடக்கின்றது. பெயர் எங்கும் இல்லை. எனினும் வேம்பு ஒன்று குறிக்கப்பட்டுவிட்டது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டமையால் அப்பாட்டு புறம் ஆயிற்று என்று உரையாசிரியர் கூறுவர். பெயர் இன்றியே ஒரு பூ ஆளைக் காட்டிவிடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ‘ஐந்தாம் ஆண்டு, பாட்டியோடு வாழ்பவன், திக்குவாய் உடையவன்’ என்று எழுதினால், சிறிய தோட்டப்புறப் பள்ளியில் அது எந்தப் பிள்ளை என்று கேட்கவும் வேண்டுமோ?

நம் அடையாள அட்டை எண்ணும் அத்தகைய பூவே. அதன் 12 இலக்கங்களுள் முதல் ஆறு பிறந்த நாளைச் சொல்லும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைச் சொல்லும். இறுதி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா எனக் காட்டும். அவ்வெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, ‘பெயர் இல்லை’ என்று ஆறுதல் கொள்ளலாகாது. அவ்வெண்ணையே திறவுகோலாகக் கொள்வதும் ஆகாது. பள்ளித் தேர்வுப் பகுப்பாய்வுக்கான இணைய முறையில் காப்புக் குறை இருப்பதாகச் செய்தி எழுந்தபோது, 2018 சூன் திங்களில் கல்வி அமைச்சு அதனைத் தற்காலிகமாக மூடியதை நாம் மறந்துவிடவில்லை.

ஆசிரியர்களே முடிவு செய்க

2025 சூன் முதல் நாளிலிருந்து, தனிநபர் தரவு கசிந்தால் அதனை ஆணையரிடம் அறிவிக்கும் கடமை நடைமுறைக்கு வந்துள்ளது. கணிசமான தீங்கு நேரக்கூடுமாயின் தரவுக்கு உரியவரிடமும் அறிவிக்க வேண்டும். சட்டமே இப்பொழுது ‘தீங்கு யாருக்கு?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டது. அவ்வினாவுக்குக் கணினிப் பிரிவினரால் விடை கூற இயலாது. கடவுச்சொல்லை எவ்வாறு அமைப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம். எந்தச் சொல் எந்தப் பிள்ளையைச் சுடும் என்பதை அவளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துபவர் அன்றோ அறிவார்?

அக்கல்லூரிக் குழு என் மூன்று வகுப்புகளை ஏற்கவில்லை. ஆறு வகுப்புகள் நான்காயின. ஆயினும் வருமானப் படிவமும் மருத்துவச் சான்றும் ஆலோசனைக் குறிப்பும் உச்சிக்கு ஏறின; ‘அறிய வேண்டியவர் யார்?’ என்னும் வரியும் சேர்க்கப்பட்டது. வாதிட்டது வீண்போகவில்லை. எனினும் நான்காம் வகுப்பு எதற்கென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை; அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

ஆசிரியப் பெருமக்களும் பயிற்சி ஆசிரியர்களும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம். உங்கள் மேசையில், கைப்பேசியில், வகுப்பறைச் சுவரில் உள்ள ஒவ்வொரு பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். இதில் பெயருள்ள பிள்ளை இங்கே நின்று இதனைப் படித்தால் முகம் வாடுமா என்று கேளுங்கள். வாடுமாயின் அதனைச் சுவரிலிருந்து இறக்குங்கள். புலனக் குழுவிலிருந்து நீக்குங்கள். தேவை முடிந்திருந்தால் கிழித்து அழித்துவிடுங்கள். நான் அன்று அந்த வினாவைக் கேட்டிருந்தால், ஒரு தந்தை என்னிடம் ‘வேண்டாம் சார்’ என்று சொல்ல நேர்ந்திராது.